வேதாளன் சாகிறவன் என்பதால்தான் வாழ்கிறான் – 1936-இன் நாளிதழ்த் தொடரைத் திரும்பப் படிக்கையில்

பழுப்புத்தாள்:

வணக்கம் நண்பர்களே. இரண்டு மாதங்களாக இரவு உணவுக்குப் பிறகு எனக்கு ஒரே வேலைதான். ஆங்கிலத்தில் ஃபேன்டம் எனப்படும் முகமூடி வீரன் வேதாளனின் தொடக்ககால நாளிதழ்ச் சித்திரக்கதைத் தொடரை, அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்த அதே வரிசையில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு ஸ்ட்ரிப், அதாவது நாளிதழில் ஒரு நாளில் வரும் கட்டவரிசை ஆறு. அன்றைய வாசகனுக்கு அது திங்கள் முதல் சனி வரை ஒரு வாரம். ஹெர்மிஸ் பிரஸ் வெளியிட்ட தொகுதிகளில் முதலாவதை நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

நம்மில் பலரும் வேதாளனைப் புத்தகமாகத்தான் படித்தோம். இந்திரஜால், முத்து, பிறகு ராணி காமிக்ஸ் என்று ஆளுக்கொரு வாசல். முழுக்கதையும் கையில் இருக்கும், ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஆனால் லீ ஃபால்க் அவனை அப்படிப் படைக்கவில்லை. 1936 பிப்ரவரி 17, திங்கட்கிழமை. செய்தித்தாளின் ஒரு மூலையில் மூன்று நான்கு கட்டங்கள், மறுநாள் இன்னும் சில கட்டங்கள். சிங் கொள்ளையர் கூட்டத்தைப் பற்றிய அந்த முதல் கதை நவம்பர் வரை ஓடியது. தினமும் காலையில் இரண்டு நிமிடம் மட்டும் சந்திக்கக்கூடிய ஒருவனாகத்தான் அவன் பிறந்தான்.

முதல் வாரங்களில் வருகிற வேதாளன் நாம் அறிந்த வேதாளன் அல்லன். குகை இல்லை, வம்சம் இல்லை, காடு கூட இல்லை. கதாநாயகி டயானா பால்மர் அம்பர்கிரிஸ் என்னும் விலையுயர்ந்த வாசனைப் பொருளோடு அமெரிக்காவுக்குக் கப்பலில் திரும்புகிறாள், கொள்ளையர்கள் தாக்குகிறார்கள், முகமூடி அணிந்த ஒருவன் இருளிலிருந்து வருகிறான். அவள்மீது காதல் கொண்ட ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்காரச் சோம்பேறி இளைஞன்தான் இரவில் வேதாளனாக மாறுகிறான் என்று காட்டுவதுதான் ஃபால்கின் முதல் திட்டம். சோம்பேறிப் பணக்காரன், இரவில் முகமூடி! பேட்மேன் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த வழி அவர் கையில் இருந்தது. அதை அவர் கைவிட்டார். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜிம்மி வெல்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு, நாலு நூற்றாண்டுப் பரம்பரை ஒன்றை அந்த முகமூடிக்குப் பின்னால் வைத்தார்.

1536-இல் கடற்கொள்ளையரிடமிருந்து தப்பிக் கரை ஒதுங்கிய ஒருவன், தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது கை வைத்துச் சபதம் செய்கிறான். கடற்கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி ஆகியவற்றை ஒழிப்பதே தன் வாழ்க்கை என்றும், தன் மகன்களும் அதையே தொடர்வார்கள் என்றும். அந்த வரிசையில் நாம் படிக்கிறவன் இருபத்தொன்றாவது ஆள். காட்டு மக்கள் அவனைச் சாகாதவன் என்று நம்புகிறார்கள். வாசகனுக்குத்தான் உண்மை தெரியும்: இருபது கல்லறைகள் குகைக்குள் இருக்கின்றன, இருபத்தொன்றாவதற்கு இடமும் காத்திருக்கிறது.

என் கட்சி இதுதான். முகமூடியும் இறுக்கமான உடையும் அவனுடைய பெருமை அல்ல. அவன் சாகிறவன், அந்த ரகசியம் நமக்கு மட்டும் தெரியும், அதுதான் அவனை இத்தனை ஆண்டு நிறுத்திவைத்திருக்கிறது. சூப்பர்மேன் 1938-இல் வந்தார். அவரைத் துப்பாக்கிக்குண்டு ஒன்றும் செய்யாது. வேதாளனை ஒரே ஒரு குண்டு முடித்துவிடும். அது தெரிந்தே அவன் நடந்து போகிறான்.

உங்கள் எண்ணங்களை எழுதுங்கள்.

பரண்பெட்டி:

அருமையான இழை, பழுப்புத்தாள் ஐயா. எனக்கு அவர் மாயாவிதான். தொண்ணூறுகளில் ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி என்றுதான் வருவார். என் பெரியப்பா முத்து காமிக்ஸ் காலத்து ஆள், அவருக்கு வேதாளர். "மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவிதான், வேறு யாரும் கிடையாது" என்பார். இரும்புக்கையார் பிரிட்டிஷ் வார இதழிலிருந்து வந்தவர், இவர் அமெரிக்க நாளிதழிலிருந்து வந்தவர், இருவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எத்தனை முறை விளக்கியும் அவர் ஏற்கவே இல்லை. ஒரே பெயரை இரண்டு பேருக்குக் கொடுத்ததில் அவருக்கு உண்மையான வருத்தம் இருந்தது.

நீங்கள் சொன்ன "ரகசியம் நமக்கு மட்டும்" என்பதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் காட்டை விட்டு நகரத்துக்குப் போகும்போது கட்டம்போட்ட மேலங்கி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கூடவே ஓநாய். பெயர் கேட்டால் வாக்கர். அந்தப் பெயருக்கு ஒரு நட்சத்திரக்குறி போட்டு, கட்டத்தின் அடியில் "நடமாடும் ஆவி" என்று விளக்கம் இருக்கும். ஆங்கிலத்தில் நடப்பவன் என்பதுதானே அந்தப் பெயரின் பொருள். கதைக்குள் இருக்கும் ஓட்டல்காரனுக்கு அது வெறும் பெயர். எனக்கு மட்டும் காதில் சொன்னதுபோல் இருக்கும். பத்து வயதில் அந்தச் சிறு வரிக்காகவே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

கேள்விக்குறி:

நானும் அதே பரணிலிருந்து வந்தவன்தான். ஆனால் இப்போது படிக்கும்போது நெஞ்சில் முள் குத்துகிறது, அதைச் சொல்லாமல் போனால் நேர்மை ஆகாது.

ஒரு வெள்ளைக்காரன் தலைமுறை தலைமுறையாக மண்டையோட்டு அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். சுற்றிலும் கறுப்பின மக்கள் அவனைத் தெய்வம்போல் பார்க்கிறார்கள். அவனை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவன் அப்பாவுக்குப் பின் அவன், அவனுக்குப் பின் அவன் மகன். இதை நாம் வேறு இடத்தில் பார்த்தால் என்ன பெயர் வைப்போம்?

இன்னொன்று. அவனோடு வாழும் குள்ளர் இனத்துக்குப் பெயர் பாண்டார். இந்தியில் பந்தர் என்றால் குரங்கு. மனிதர்களின் ஓர் இனத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்தாலே கூச்சமாக இருக்கிறது. தொடக்கக் கதைகளில் அந்த நாட்டின் பெயர் பெங்காலி. ஆசியாவா ஆப்பிரிக்காவா என்று சொல்லவே முடியாத ஒரு கலவை. பிறகுதான் ஆப்பிரிக்கக் கரை என்று உறுதியாகிறது, பெயரும் பங்கல்லா என்று ஆகிறது. எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் அந்த மண் எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள்? கொள்ளையர்களுக்குச் சிங் என்று பெயர். நம் இந்திரஜால் பதிப்பில் அதைச் சிங்கா என்றும், நாட்டை டெங்காலி என்றும் மாற்ற வேண்டியிருந்தது.

சாகிறவன் என்பது உயர்ந்த கற்பனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யை யாரிடம் சொல்கிறான்? அந்த மக்களிடம். நானூறு ஆண்டுகளாக.

பழுப்புத்தாள்:

கேள்விக்குறி அவர்களே, நீங்கள் எழுதியதில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. கடைசி வரியை மட்டும் நேற்றிலிருந்து மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். என் முதல் பதிவில் "ரகசியம் நமக்கு மட்டும் தெரியும்" என்று பெருமையாக எழுதினேன். அந்த "நமக்கு" என்பதில் காட்டு மக்கள் இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

முழுவதும் சரியாகச் சொன்னால், பாண்டார்களுக்கு அந்த உண்மை தெரியும். அவர்களின் தலைவன் குரன் சிறுவயதிலிருந்தே இந்த இருபத்தொன்றாவது ஆளின் நண்பன். அரியணை ஏறுவதையும் குகைக்குள் அடக்கம் நடப்பதையும் அறிந்தவர்கள் அவர்கள். முதல் ஆளைக் கரையிலிருந்து தூக்கி உயிர் கொடுத்தவர்களும் அவர்களே. மற்ற காட்டு மக்கள்தான் சாகாதவன் என்று நம்புகிறவர்கள். இது உங்கள் கேள்வியைக் கரைத்துவிடாது. ஆனால் அந்தப் பொய்யைக் காப்பவர்கள் யார் என்பதில் ஒரு சிக்கல் சேர்கிறது.

அறுபதுகளில் கதை மாறத் தொடங்குகிறது. உலகில் ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெறும் காலம். பங்கல்லாவுக்குத் தேர்தல் வருகிறது, லுவாகா என்ற கறுப்பின மருத்துவர் குடியரசுத் தலைவர் ஆகிறார். அவரைக் கவிழ்க்கப் பார்க்கும் தளபதி பபாபு. கானகக் காவல்படைக்குக் கர்னல் வொரொபு தலைமை ஏற்கிறார். ஃபால்க் தாம் 1936-இல் எழுதியதைத் தாமே திருத்தப் பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. போதுமான திருத்தமா? இல்லை. அரியணை அங்கேயேதான் இருந்தது.

அச்சுக்கூடத்தான்:

உள்ளே வரலாமா? நான் கதை ஆள் இல்லை, கலர் ஆள். ஆஃப்செட் கூடத்தில் முப்பது ஆண்டுகள் நின்றவன். வேதாளன் உடையின் நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

நாளிதழ்த் தொடர் கறுப்பு வெள்ளை. அதில் உடைக்கு நிறமே கிடையாது. ஃபால்க் மனத்தில் இருந்தது சாம்பல் நிறம். தொடருக்கே "சாம்பல் ஆவி" என்று பெயர் வைக்க நினைத்தவர் அவர். 1939 மே 28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் தொடங்கியபோது உடை ஊதாவாக வந்துவிட்டது. அவர் கேட்டு வந்த நிறம் அது இல்லை.

இதைக் கேட்டு எல்லாரும் யாரோ தவறு செய்துவிட்டதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கூடத்து ஆளின் நிலைமைதான் கண்முன் வருகிறது. பத்திரிகைத்தாள் மை குடிக்கிற தாள். அதில் கறுப்புப் புள்ளிகளை மட்டும் வைத்துச் சாம்பல் கொண்டுவந்தால் அழுக்குப் பிடித்த துணி மாதிரித் தெரியும். பக்கத்தில் பச்சைக் காடு இருந்தால் ஆள் அதில் மூழ்கிவிடுவான். சிவப்புப் புள்ளியும் நீலப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஊதா. ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு நூல் தள்ளிப்போனாலும் ஊதா ஊதாவாகவே நிற்கும். பச்சைக்கு எதிரில் பளிச்சென்று எடுத்துக் கொடுக்கும். அன்றைக்கு எந்தக் காரணத்துக்காகச் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் அந்த மேசையில் நின்றிருந்தாலும் ஊதாதான் போட்டிருப்பேன்.

ஒவ்வொரு நாட்டுக் கூடத்திலும் ஒரு நிறம் போட்டிருக்கிறார்கள். இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. நியூசிலாந்தில் பழுப்பு. சுவீடன், நார்வே பக்கம் நீலம். ஒரே மனிதன் ஊருக்கொரு சட்டை. பழுப்புத்தாள் சொல்கிற மாதிரி இருபத்தொரு பேர் என்றால், அத்தனை பேரும் ஒரே நிறத்தில் போட்டுக்கொண்டிருப்பார்களா என்ன?

வடதிசை வாசகி:

அச்சுக்கூடத்தான் ஐயா, நீங்கள் நார்வே என்று எழுதியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான் ஆஸ்லோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து சிறுமியாக வந்தவள். இங்கே மொழி தெரியாமல் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது முதலில் கையில் எடுத்தது ஃபான்டமெட் என்ற நார்வே வேதாளர் இதழ்தான். நீலச் சட்டை. எனக்கு அவர் முதலிலிருந்தே நீலம். பின்னர் ஊதா நிறத்தில் பார்த்தபோது யாரோ வேறு ஆள் நடிக்கிறார் என்று நினைத்தேன்.

இங்கே அவர் பழைய ஞாபகம் இல்லை, இன்றும் கடையில் கிடைக்கிறவர். சுவீடனில் ஃபான்டமென் இதழ் 1950 முதல் வருகிறது. அமெரிக்கத் தொடர் போதவில்லை என்று அறுபதுகளிலிருந்து அங்கேயே புதுக் கதைகள் எழுதி வரையத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கதைகளில் பழைய வேதாளர்கள் நிறைய வருவார்கள். மூன்றாமவர் என்ன செய்தார், ஏழாமவர் யாரோடு போரிட்டார் என்று, வரலாற்றுப் பாடம்போல. ஐரோப்பிய வரலாற்றின் பாதியை நான் அதிலிருந்துதான் முதலில் கேள்விப்பட்டேன்.

பழுப்புத்தாள் ஐயாவின் கட்சியோடு எனக்கு ஓர் உடன்பாடு உண்டு. அவர் சாகிறவர் என்பதால்தான் எழுத்தாளர்களுக்கு இருபத்தொரு வாழ்க்கை கிடைத்தது. எந்த நூற்றாண்டிலும் கதை வைக்கலாம், சேதம் இல்லை. சாகாதவரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

நான்காம் கட்டம்:

படம் வரைகிறவன் என்ற முறையில் சில வரிகள். இதுவரை யாரும் ரே மூரின் பெயரை எழுதவில்லை, அதனால்.

ஃபால்க் 1934-இல் மந்திரவாதி மாண்ட்ரேக் தொடரைத் தொடங்கியபோது ஓவியர் ஃபில் டேவிஸ். ரே மூர் அவருடைய உதவியாளராக இருந்தவர். வேதாளனின் தொடக்க இரவுகள் முழுக்க மூரின் தூரிகை. கறுப்பை அவர் பயன்படுத்திய விதத்தைக் கவனியுங்கள். பாதி உடல் இருட்டில் கரைந்திருக்கும், தோளின் ஒரு விளிம்பு மட்டும் வெள்ளையில் நிற்கும். பெண்கள் ஒயிலாக, கொஞ்சம் சோர்ந்த கண்களோடு. அந்தக் காலத்துத் திரைப்படத்தில் விளக்கை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போடுவார்களே, அந்த வெளிச்சம். இரவல் தொகுதி கையில் இருக்கும்போது உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள் ஐயா.

அடுத்து வில்சன் மெக்காய், 1961-இல் மறையும்வரை. பலருக்கும் அவரைப் பிடிக்காது. தடித்த கோடு, பொம்மை போன்ற முகம் என்பார்கள். எனக்கு அந்தக் குறை புரிகிறது, ஆனாலும் நான் அவர் பக்கம். அவர் வரைந்த காட்டில் ஒரு குழந்தை வழி தவறாது. எதுவும் தேவைக்கு மேல் இருக்காது. நாளிதழில் தபால்தலை அளவுக்குச் சுருங்கி அச்சாகும் கட்டத்துக்கு அந்தத் தெளிவு வேண்டும்.

பிறகு சை பேரி, 1961 முதல் 1994 வரை. தமிழில் நாம் படித்ததில் பெரும்பகுதி இவர்தான். தசைநார் ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டு வரைந்தவர். மண்டையோட்டுக் குகை இன்று நம் கண்ணில் எப்படி நிற்கிறதோ, அது பேரியின் குகை.

கண்களைப் பற்றி ஒன்று. முகமூடிக்குள் கருவிழி இல்லாமல் வெள்ளையாக விடும் வழக்கம் இவனிடம்தான் வேரூன்றியது. பழைய கிரேக்கச் சிலைகளின் விழியற்ற முகங்களைப் பார்த்து வந்த எண்ணம் என்று ஃபால்க் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த முகமூடிக்காரர்கள் எத்தனை பேர் அந்த வெள்ளைக் கண்ணை எடுத்துக்கொண்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கருவிழி இல்லாத கண் எங்கே பார்க்கிறது என்று தெரியாது. அதனால் அது எல்லாப் பக்கமும் பார்க்கிறது. வரைந்து பார்த்தால்தான் அந்த ஆற்றல் புரியும்.

பழுப்புத்தாள்:

நான்காம் கட்டம் அவர்களே, உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். நன்றி. இனி அந்தத் தொகுதியைத் திருப்பிக் கொடுப்பது இன்னும் கடினம்.

நாளிதழ் வடிவத்தைப் பற்றி நான் கண்ட ஒன்றை இங்கே விரிவாக எழுத வேண்டும். புத்தகமாகப் படித்தபோது எனக்கு அலுப்பூட்டியது, ஒவ்வொரு கதையிலும் திரும்பத் திரும்ப வரும் பழைய செய்திகள்தாம். சபதம், மண்டையோடு, இருபத்தொரு தலைமுறை, "பழைய காட்டு மொழி" என்று ஒரு வாக்கியம். புலியைப்போல அமைதியாக வருவான் என்றோ, சில வேளைகளில் அவன் காட்டை விட்டு நகரத் தெருக்களில் சாதாரண மனிதனாக நடப்பான் என்றோ. ஏன் இத்தனை முறை?

ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பாகப் படித்தபோதுதான் விடை கிடைத்தது. செய்தித்தாள் வாசகன் எந்த நாளிலும் உள்ளே வருவான். நேற்றைய தாள் அடுப்பெரிக்கப் போயிருக்கும். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பியிருப்பான். அவனுக்கு இரண்டே நொடியில் இந்த மனிதன் யார் என்று சொல்லியாக வேண்டும். "முன்கதைச் சுருக்கம்" என்று போடலாம், மற்றவர்கள் போட்டார்கள். ஃபால்க் அதைப் பழமொழியாக மாற்றினார். தொழில் நெருக்கடியால் வந்த ஒரு தேவையை அந்தக் காட்டு மக்களின் வாய்மொழியாக்கிவிட்டார். இருபது தடவை கேட்டபின் அது நிஜமாகவே பழமொழியாகிவிடுகிறது. நம் கதைப்பாட்டுக்காரர்கள் நாயகன் பெயர் வரும்போதெல்லாம் அதே அடைமொழிகளைச் சொல்வார்களே, கேட்க வந்தவர் நடுவில் வந்தாலும் புரியட்டும் என்று, அந்த அறிவு இது. ஃபால்க் நாடக மேடையிலும் பல ஆண்டுகள் இயக்குநராகவும் தயாரிப்பாளராகவும் உழைத்தவர். கூட்டத்தின் நடுவே தாமதமாக வந்து உட்காருகிறவனை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் தனிக்கதை, வாரநாள்களில் தனிக்கதை. ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டு வேறு ஆபத்துகளில் இருப்பான். இரண்டையும் சேர்த்து, மாண்ட்ரேக்கையும் சேர்த்து, 1999 மார்ச்சில் கண் மூடும்வரை எழுதினார். வேதாளனை மட்டும் கணக்கிட்டால் 63 ஆண்டுகள்.

பரண்பெட்டி:

ஐயா, அந்தக் காவல்படைப் பெட்டகத்தை விட்டுவிட்டீர்களே! என் உயிரே அதில்தான் இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கானகக் காவல்படைக்கு ஒரு தளபதி உண்டு. அவர் யாரென்று படையில் யாருக்கும் தெரியாது. கர்னலின் அறையில் ஓர் இரும்புப் பெட்டகம். மேலே விளக்கு எரிந்தால் உள்ளே தளபதியின் ஆணை வந்திருக்கிறது என்று பொருள். பூட்டிய பெட்டகத்துக்குள் காகிதம் எப்படி வந்தது? வெளியே பாழடைந்த கிணறு, அதிலிருந்து சுரங்கம், சுரங்கத்தின் முடிவில் பெட்டகத்தின் அடிப்பலகை. வேதாளர்தான் தளபதி. அந்தப் படையைத் தொடங்கியவர் ஆறாம் வேதாளர், மனம் திருந்திய கடற்கொள்ளையர்களைக் கொண்டு.

எங்கள் வீட்டு அரிசிப் பெட்டிக்குள் தாளில் ஆணை எழுதிப் போட்டு, அம்மாவுக்கு யார் எழுதியது என்று தெரியக்கூடாது என்று காத்திருந்த நாள்கள் உண்டு. "இன்று தோசை வேண்டும். இப்படிக்குத் தளபதி." தோசை வரவே செய்தது.

கேள்விக்குறி:

பழமொழி பற்றிய பதிவு அருமை. அந்த வடிவத்தை இப்படி நான் பார்த்ததே இல்லை.

என் முந்தைய கேள்விக்கு நானே ஒரு பக்கக் குறிப்புச் சேர்க்க வேண்டும். பாப்புவா நியூகினியின் வாகி பள்ளத்தாக்கில் போர்க் கேடயங்களின் மீது வேதாளனை வரைந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஃப்ரூ நிறுவனம் 1948 முதல் வெளியிட்டுவரும் இதழ்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. மோதலுக்குப் போகும் வீரன் தன் மார்புக்கு முன்னால் பிடித்திருக்கும் கேடயத்தில், சாகாத மனிதனின் படம். அந்தப் புகைப்படங்களை அருங்காட்சியகத் தொகுப்பு ஒன்றில் பார்த்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை.

நான் அவனை வெள்ளைக்கார அரசனாகப் பார்த்தேன். அவர்கள் அவனை மூதாதையின் வலிமை மகனுக்குள் வரும் கதையாகப் பார்த்திருக்கலாம். அது அவர்களிடம் முன்பே இருக்கும் நம்பிக்கை. என் குற்றச்சாட்டை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் கேடயத்தில் வரைந்தவரிடம் போய் நீங்கள் தவறாகப் படித்துவிட்டீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வடதிசை வாசகி:

டயானாவைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

முதல் கதையில் அவள் அறிமுகமாகும்போதே கையுறை மாட்டிக் குத்துச்சண்டைப் பயிற்சியில் இருக்கிறாள். 1936-இல். பிறகு நீச்சல் குளத்தில் ஒலிம்பிக் அளவுக்குத் திறமை, அதன் பிறகு ஐக்கிய நாடுகள் அவையில் வேலை. காப்பாற்றப்படுவதற்காகவே கதைக்குள் வந்தவள் இல்லை, பல நேரம் அவள் வேலை நிமித்தம் எங்கோ போகிறாள், கதை அவள் பின்னால் போகிறது. 1936-இன் இரண்டாவது கதையில் வானக் கொள்ளையர் கூட்டம் வருகிறது. அதில் இருப்பவர்கள் அனைவரும் பெண்கள், விமானம் ஓட்டுகிறவர்கள்.

குறையும் இருக்கிறது. அந்தப் பெண்கள் எல்லாரும் வேதாளரைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள், அது எனக்கு இன்றும் எரிச்சல். டயானாவைக் கல்யாணத்துக்காக 1977 வரை காக்க வைத்தார்கள். நாற்பத்தொரு வருஷம்! கடைசியில் நடந்த திருமணம் அழகானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாட்டுத் தலைவர்கள், லுவாகாவும் கொராண்டாவும், சேர்ந்து நடத்தி வைத்தார்கள். மாண்ட்ரேக் விருந்தினராக வந்திருந்தார். பிறகு இரட்டைக் குழந்தைகள், கிட் என்ற மகனும் ஹெலோயிஸ் என்ற மகளும்.

இப்போது என் வீட்டுப் பிரச்சினை. ஒன்பது வயது மகளுக்கு இரவில் இதைத்தான் வாசிக்கிறேன், நார்வேஜிய மொழியில் வாசித்துத் தமிழில் விளக்குவேன். நேற்று அவள் கேட்டாள்: "அம்மா, மகன்கள்தான் தொடர்வார்கள் என்று சபதத்தில் ஏன் இருக்கிறது? ஹெலோயிஸ் ஏன் இருபத்திரண்டாவது ஆகக்கூடாது?" எனக்குப் பதில் இல்லை. பழுப்புத்தாள் ஐயா, உங்களிடம் இருக்கிறதா?

அச்சுக்கூடத்தான்:

பிள்ளை நல்ல கேள்வி கேட்டிருக்கிறது. நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பழுப்புத்தாள்:

அம்மா, பாதிப் பதில் இருக்கிறது.

பதினேழாம் வேதாளனுக்கு ஜூலி என்று ஓர் இரட்டைச் சகோதரி. அவன் படுக்கையில் விழுந்தபோது காட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தால் என்ன ஆகும் என்ற நிலை. ஜூலி உடையை அணிந்துகொண்டு இறங்கினாள். குதிரை, துப்பாக்கி, முகமூடி எல்லாம் அதேபடி. ஞாயிற்றுக்கிழமைத் தொடரில் வந்த கதை இது. நாம் படிக்கும் இருபத்தொன்றாமவன் குகையில் இருக்கும் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டும்போது அவள் கதை வெளிவருகிறது. ஆக, முன்மாதிரி இருக்கிறது. நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஜூலி, அண்ணன் எழுந்ததும் உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு எண் கிடையாது. வரிசையில் பதினேழு என்றால் அவன் மட்டும்தான். இதையும் மகளிடம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஒன்பது வயதில் சபதத்தின் சொற்களையே பிடித்துக் கேட்கிறவளுக்கு முழுக்கதையும் தெரியலாம்.

மோதிரங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? வலக்கை மோதிரம் மண்டையோட்டு முத்திரை, அடி வாங்கியவன் தாடையில் ஆயுளுக்கும் நிற்கும். இடக்கை மோதிரம் காப்பு முத்திரை, அது யாரிடம் இருக்கிறதோ அவரை யாரும் தொடக்கூடாது. இடக்கை இதயத்துக்கு அருகில் இருப்பதால் அது அங்கே. என் பேத்திக்கு இந்த இரண்டாவது மோதிரம்தான் வேண்டுமாம்.

வடதிசை வாசகி:

சொன்னேன் ஐயா, ஜூலி கதை முழுவதையும். எண் கொடுக்கவில்லை என்ற இடத்தில் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பழைய தலையணை உறையை வெட்டத் தொடங்கினாள். நீல உறை, நல்லவேளை. கண்ணுக்குத் துளை போட்டுத் தரட்டுமா என்றேன். வேண்டாமாம், வெள்ளைத் துணி வைத்துத் தைக்க வேண்டுமாம். அப்புறம் எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டேன். "மெல்லிய துணியாக வாங்கிக் கொடு" என்கிறாள். சனிக்கிழமை கடைக்குப் போகிறோம்.